குட்டி மூளைக்கு ஒரு மானிட்டர்

கோட்டுச்சேரிமேட்டில் உள்ள உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக்கைச் செருகிப் பாட்டுப் பதிவு செய்திருக்கிறீர்களா? சில சமயம் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கேட்கும். அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு. வென்டிலேட்டரில் உயிருக்குப் போராடும் பச்சிளம் குழந்தையின் மூளையைக் கண்காணிக்கும் கருவிக்கும் இதே தொல்லை உண்டு.

பென் டார்ச் செல் தருவது 1.5 வோல்ட். குழந்தையின் தலையில் கிடைக்கும் மூளை சிக்னல், அதில் ஏறக்குறைய 50,000-ல் ஒரு பங்குதான்! இதைப் பிடிக்க 1960களின் இறுதியில் லண்டனில் டக்ளஸ் மேனார்ட், பமீலா பிரையர் ஆகியோர் ஒரு கருவியை உருவாக்கினார்கள். பெரியவர்களுக்காக வந்த அந்த வழிமுறைதான் இன்று ஏ.இ.இ.ஜி. என்ற பெயரில் குழந்தைகளுக்குப் பயன்படுகிறது.

தலையில் ஒட்டிய எலக்ட்ரோடுகளிலிருந்து வரும் சிக்னலில், 2 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை உள்ளதை மட்டுமே பில்டர் உள்ளே விடும். 50 ஹெர்ட்ஸ் வெளியே நின்றுவிடும். அடுத்தது சுருக்கம். சாதாரண இ.இ.ஜி. பேப்பர் விநாடிக்கு 30 மில்லிமீட்டர் ஓடினால், ஒரு மணி நேரத்திற்கு 108 மீட்டர் வேண்டும். இங்கே அது வெறும் 6 சென்டிமீட்டர் பட்டை! எம்பி3 எல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. நிறைமாதக் குழந்தைக்குப் பட்டையின் கீழ் விளிம்பு 5 மைக்ரோவோல்ட்டுக்கு மேலும், மேல் விளிம்பு 10-க்கு மேலும் இருந்தால் நார்மல்.

பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் பட்டை மோசமாக இருந்தால், மேலை நாடுகளில் 72 மணி நேரம் உடலைக் குளிர வைப்பார்கள். அதை அப்படியே நம் ஊரில் இன்ஸ்டால் செய்ய முடியவில்லை. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021-ல் வெளியானது. குளிர வைத்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. மற்றவற்றில் 31 சதவீதம்.

வலிப்பைக் கண்டுபிடிப்பதில் பட்டையின் பயன் வேறு. தசை தளர்த்தும் மருந்து கொடுத்த குழந்தைக்குக் கை கால் துடிக்காது. வலிப்பு மூளைக்குள் மட்டும் ஓடும். பட்டையின் கீழ் விளிம்பு திடீரென எழும்பிக் காட்டிக் கொடுக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். சில வென்டிலேட்டர்கள் நிமிடத்திற்கு 600 முறை மார்பை அதிர வைக்கும். அதாவது 10 ஹெர்ட்ஸ். பில்டரின் வாசலுக்குள்ளேயே வந்துவிடுகிறது! அடங்கிப்போன மூளையின் பட்டைகூட உயர்ந்து, நார்மல் போலத் தெரியும். எனவே புதிய கருவிகளில் சுருக்காத அலையும் கூடவே ஓடுகிறது. வென்டிலேட்டர் அலை கடிகாரம் போல ஒரே சீராக இருக்கும். உங்கள் வீட்டுக் குழந்தை அப்படியொரு வார்டில் இருந்தால், அந்த இரண்டாவது கோட்டையும் காட்டி விளக்கும்படி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.