ஆற்றைத் திருப்பிய மாநகர்

நெடுவழிச் செல்வோர் இடையே தங்கிக் காணத்தக்க ஊர்கள் ஐக்கிய அமெரிக்க நாட்டில் பல உள. அவற்றுள் சிறந்தது சிகாகோ மாநகர். 1926 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற 66 ஆம் எண் நெடுஞ்சாலை இந்நகரில் தொடங்கி, மேற்கே கலிபோர்னியா மாநிலம் வரை சென்றது. 1985 ஆம் ஆண்டில் அந்த எண் நீக்கப்பட்டது. எனினும், அப்பழைய வழியே மோட்டார் வண்டியில் செல்வோர் இன்றும் உளர். அவர்கள் சிகாகோவில் தங்கி, வானளாவிய மாளிகைகளையும் அவற்றின் அருகே விரிந்து கிடக்கும் மிச்சிகன் ஏரியையும் கண்டு வியப்பர்.

மிச்சிகனை ஏரி என்பதினும் நன்னீர்க் கடல் என்பது பொருந்தும். அதன் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். கரையில் நின்று நோக்கினால், நீரும் வானும் ஒன்றாய்த் தோன்றும். அலைகள் கரையை மோதும். ஆயினும் நீரில் உவர்ப்பு இல்லை. நகர மக்கள் பருகுவது இந்நீரையே.

இப்பெருஞ் செல்வத்தை ஒரு காலத்தில் அந்நகரமே கெடுத்தது. 1837 ஆம் ஆண்டில் நகராக அமைந்த சிகாகோ விரைந்து வளர்ந்தது. வீடுகளின் கழிவும் தொழிற்சாலைகளின் கழிவும் சிகாகோ ஆற்றில் விழுந்தன. ஆறு அவற்றை ஏரியில் சேர்த்தது. கழிவைப் பெற்ற ஏரியே குடிநீரையும் அளித்தது. நோய்கள் பரவின, உயிர்கள் பல மாண்டன.

இதனைத் தடுக்கப் பொறியியல் அறிஞர்கள் முதலில் ஏரியின் அடியில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் அமைத்து, கரைக்கு அப்பாலிருந்து தூய நீரைக் கொணர்ந்தனர். அது 1867 ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது. அப்பணிக்குத் துணையாக எழுந்த கல்லாலான நீர்க்கோபுரம், 1871 ஆம் ஆண்டின் பெருந்தீக்கும் தப்பி இன்றும் நிற்கின்றது. ஆனால், கழிவு பெருகப் பெருக, மாசு சுரங்கத்தின் வாயையும் நெருங்கியது.

பின்னர் அவர்கள் ஆற்றையே திருப்பத் துணிந்தனர். ஆற்றைவிட ஆழமாக, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்றை நகருக்கு அப்பால் வெட்டினர். பள்ளத்தை நாடுவது நீரின் இயல்பன்றோ? 1900 ஆம் ஆண்டில் கால்வாய் திறக்கப்பட்டதும், ஏரியை நோக்கி ஓடிய ஆறு ஏரியை விட்டு எதிர்த்திசையில் ஓடலாயிற்று. ஏரி காக்கப்பட்டது.

எனினும், கழிவு அழிந்துவிடவில்லை. அது இலினாய் ஆற்றின் வழியே மிசிசிப்பி ஆற்றைச் சென்று சேர்ந்தது. அவ்வாற்றங்கரையிலுள்ள மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. தீங்கு போதிய சான்றுகளால் நிறுவப்படவில்லை எனக் கூறி, 1906 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. வழக்கில் வென்றாலும் நகரின் கடமை தீரவில்லை. கழிவுநீரைத் தூய்மை செய்த பின்னரே ஆற்றில் விடும் பெரு நிலையங்கள் பிற்காலத்தில் எழுந்தன.

தன் வாயிலில் கிடந்த மாசை அயலான் வாயிலில் தள்ளுவது தூய்மை ஆகாது. அதனை அகற்றும் வழி காண்பதே தூய்மை. ஏரிக்கரையில் உலவும் வழிப்போக்கர் காணும் தெளிந்த நீர், இவ்வுண்மையை உணர்த்துகின்றது.