கைக்குட்டையில் அடர்மஞ்சள்

ஜெர்மன் பாந்தர் டாங்கி மாடலுக்கு ஏர்பிரஷ்ஷில் அடர்மஞ்சள் அடித்து முடித்த இரவு மூக்கைச் சிந்தினேன். கைக்குட்டையிலும் அதே அடர்மஞ்சள். தூசி ஒட்டுமே என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தேன். மாஸ்க் போடவில்லை.

1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் இந்த மஞ்சளை வண்டிகளின் அடிநிறமாக்கியது. மேலே பச்சையும் செம்பழுப்பும் அடிக்க, பெயின்ட் பசையாக டப்பாவில் வந்தது. வீரர்கள் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்துக்கொண்டார்கள். அவர்கள் அடித்தது வெட்டவெளியில். நாம் அடிப்பது படுக்கையறையில்.

நம் பெயின்ட்டைக் கரைக்கும் லாக்கர் தின்னரில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருப்பதுண்டு. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். மாதக்கணக்கில் சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படலாம். 'தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்தானே' என்பது தூரிகைக்குப் பொருந்தும். ஏர்பிரஷ்ஷில் சிதறினால் அதன் துகளும் நுரையீரலுக்குள் போகும். என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தின்னருக்குக் கரி கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க்தான் வேண்டும். பெயின்ட் அடிப்பதைவிட மோசம், ஏர்பிரஷ்ஷைக் கழுவுவது. அப்போது வெறும் தின்னரையே காற்றில் பீய்ச்சுகிறோம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். சற்றுத் தள்ளி எரியும் பூஜை விளக்குகூடப் பற்றவைத்துவிடலாம். மிச்சத் தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள்; குப்பியோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நான் ஆன்லைனில் வாங்கிய தின்னரில் எச்சரிக்கை இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, போதிய எச்சரிக்கை இல்லாத பொருளால் பாதிப்பு வந்தால் தயாரித்தவரிடம் இழப்பீடு கேட்கலாம். ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. பில், பெட்டியின் படம், டாக்டர் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். பலரும் முதலில் குப்பையில் போடுவது அந்தக் காலிக் குப்பியைத்தான். ஆணையத்தில் அதையும் கேட்கலாம்.