பேரிக்காய் மணக்கும் விஸ்கி

ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் புளிக்கவைத்து, செம்புக் கொப்பரையில் வடிப்பது சிங்கிள் மால்ட். ஸ்காட்ச் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அது ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு முதிர வேண்டும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

சிங்கிள் மால்ட்டுகளில் விலை குறைந்தவற்றுள் ஒன்று, ஸ்பேசைடு வட்டாரத்து டஃப்டவுனில் தயாராகும் கிளென்ஃபிடிக் 12. வில்லியம் கிராண்ட் கட்டிய அந்த வடிசாலையில் முதல் சொட்டு விழுந்தது 1887 கிறிஸ்துமஸ் அன்று. லேபிளில் உள்ள 12, பாட்டிலுக்குள் இருப்பவற்றில் வயது குறைந்த விஸ்கியின் வயது.

சுவைக்க, அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளை நல்லது; மணம் கலையாமல் நிற்கும். நிறத்தை வைத்துத் தரத்தை எடைபோட முடியாது. கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. மூக்கை உள்ளே நுழைத்து இழுத்தால் நெடிதான் ஏறும். வாயை லேசாகத் திறந்தபடி, சற்றுத் தள்ளி முகர்ந்தால் பேரிக்காய் வாசம் பிடிபடும். சிறு மடக்கை நாக்கில் சில நொடி நிறுத்தினால் பட்டர்ஸ்காட்ச் இனிப்பு, பின்னாலேயே ஓக்கின் மெல்லிய துவர்ப்பு. சில சொட்டுத் தண்ணீர் விட்டால் எரிச்சல் தணியும். ஐஸ் மணத்தை அடக்கிவிடும். கோலா ஊற்றுவதென்றால் சிங்கிள் மால்ட்டுக்குக் கொடுத்த காசு தண்டம்.

புகை வாசம் தேடுபவருக்கு கிளென்ஃபிடிக் 12 ஏமாற்றமே. அந்த வாசம், பீட் எனும் சதுப்புநில மக்கை எரித்த புகையில் பார்லியை உலர்த்துவதால் அய்லா தீவு விஸ்கிகள் பலவற்றில் வருவது. முதல்முறை சுவைப்பவருக்குப் புகையில்லாத கிளென்ஃபிடிக்கின் மென்மையே ஏற்றது.