நிகழ்படக் குறியாக்கி

நிகழ்படக் குறியாக்கி என்பது ஒளிப்படக் கருவியிலிருந்து வரும் நிகழ்படத்தையும் ஒலியையும் சுருக்கிப் பிணையத்தின் வழியே அனுப்பும் கருவி ஆகும். கணினியின் துணையின்றித் தனித்து இயங்குவது வன்பொருள் குறியாக்கி எனப்படும். 2025 ஏப்ரல் 6 அன்று நடைபெற்ற பாம்பன் புதிய தொடருந்துப் பாலத் திறப்பு விழா போன்றவற்றை இணையத்தில் நேரலையாகக் காண்பது குறியாக்கத்தினாலேயே இயல்கிறது.

சுருக்கம்

1920 × 1080 படப்புள்ளிகளும் நொடிக்கு 25 சட்டங்களும் கொண்ட நிகழ்படம், சுருக்கப்படாத நிலையில் நொடிக்கு 600 மெகாபிட்டுக்கும் மேற்பட்டது. 2003இல் வெளியான எச்.264 சீர்தரம் இதனைச் சுமார் 5 மெகாபிட்டாகக் குறைக்க வல்லது. ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்திற்கு மாறும் பகுதிகளை மட்டும் அனுப்புவதே இதன் அடிப்படை. இராமேசுவரம் கோயிற் கோபுரம் அசையாதது. ஆதலால் அதன் படம் எளிதிற் சுருங்கும். பாக்கு நீரிணையின் அலைகளோ ஒவ்வொரு சட்டத்திலும் மாறுகின்றன. எனவே அதே பிட் வீதத்தில் கடற்காட்சி கட்டங்கட்டமாகச் சிதையக்கூடும்.

அமைக்கும் முறை

1. ஒளிப்படக் கருவியை எச்.டி.எம்.ஐ. வடத்தாலும், திசைவியை ஈதர்நெட் வடத்தாலும் குறியாக்கியுடன் இணைத்தல்.
2. திசைவி வழங்கிய ஐ.பி. முகவரியை உலாவியில் இட்டு அமைப்புப் பக்கத்தைத் திறத்தல். இயல்பிருப்புக் கடவுச்சொல்லை மாற்றுதல்.
3. ஒளிபரப்பு வழங்கியின் முகவரியையும் ஓடைத் திறவுச்சொல்லையும் உள்ளிடுதல்.
4. பிட் வீதத்தைத் தெரிவு செய்தல்.

பிட் வீதம்

பிட் வீதம் இணைப்பின் பதிவேற்ற வேகத்தைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். பதிவிறக்க வேகம் இங்கு பயன்படாது. பதிவேற்ற வேகம் 6 மெகாபிட் எனில் 4 மெகாபிட் பொருத்தமானது. மீறினால் நேரலை தடைபடும். கடற்காட்சிக்குக் கூடுதல் வீதம் கிடைக்காதபோது, 1280 × 720 படப்புள்ளிகளுக்குக் குறைத்தல் தெளிவான படத்தைத் தரும்.