வெள்ளி எடுத்த சுரங்கத்தில் மருந்துநீர்

செக் நாட்டின் மேற்கில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கிறது யாஹிமோவ். இன்று அங்கே 3,000 பேர்கூட இல்லை. மூட்டுவலிக்காரர்கள் வந்து தங்கிக் குளித்துப் போகும் ஊர். 1530களிலோ சுமார் 18,000 பேர் வாழ்ந்தார்கள். அன்றைய பொஹீமியா நாட்டில் பிராகுக்கு அடுத்த பெரிய ஊர் இதுதான். எல்லாம் வெள்ளி செய்த வேலை. இங்கே அச்சிட்ட தாலர் நாணயம்தான் டாலருக்கே மூதாதை. சுரங்கவியல் நூலால் புகழ்பெற்ற அக்ரிகோலா இவ்வூரில் மருத்துவராக இருந்தவர்.

வெள்ளி குறையக் குறைய ஊரும் சுருங்கியது. வெள்ளிக்கு இடைஞ்சல் என்று தொழிலாளர்கள் ஒதுக்கிய கறுப்புக் கல்லுக்கு 19ஆம் நூற்றாண்டில் விலை வந்தது. அதிலிருந்த யுரேனியம் கண்ணாடிக்கு நிறமூட்டப் பயன்பட்டது. யுரேனியத்தை எடுத்தபின் மிஞ்சிய கசடை டன் கணக்கில் பாரிசுக்கு வரவழைத்துத்தான் மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தெடுத்தார். 1906இல் கதிரியக்க நீர்க் குளியல் தொடங்கியது. 1912இல் 'ரேடியம் பேலஸ்' என்ற ஆடம்பர ஓட்டல் எழுந்தது.

அதற்குப் பின் வந்த காலத்தை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஊரின் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சோவியத் அணுகுண்டுத் திட்டத்துக்கு யுரேனியம் வேண்டியிருந்தது. 1949 முதல் செக்கோஸ்லோவாக்கியாவின் கம்யூனிஸ்ட் அரசு தன் அரசியல் கைதிகளை இங்குள்ள முகாம்களில் அடைத்து, சுரங்கத்தில் இறக்கியது. இரண்டு முறை உலக சாம்பியன் பட்டம் வென்ற ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் போஹுமில் மோத்ரியும் அவர்களில் ஒருவர். 1950இல் 15 ஆண்டுத் தண்டனை பெற்றவர், 1955இல் விடுதலையாகி, 1963இல் 46 வயதில் இறந்துபோனார்.

16ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்காகத் தோண்டிய ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தின் மேல்தான் அந்த முகாம்களில் ஒன்று இருந்தது. இன்று அதே சுரங்கத்தின் ஆழத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கலந்த நீர் குளியல் தொட்டிகளுக்கு வருகிறது. ரேடான் நான்கு நாளுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். பாட்டிலில் அடைத்து விற்க முடியாத மருந்து. வலி குறைகிறது என்கிறார்கள் வந்துபோகிறவர்கள். இருக்கலாம். ஆனால் ரேடானை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த சுரங்கத் தொழிலாளிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்ததும் இதே ஊரில்தான்.

பக்கத்து நகரமான கார்லோவி வாரிக்குப் போகிறவர்களுக்கு யாஹிமோவ் சுமார் 20 கிலோமீட்டர்தான். போனால் குளியலோடு திரும்பிவிடாமல், முகாம்கள் இருந்த இடங்களை இணைக்கும் நடைபாதையிலும் ஒரு முறை நடந்துவிட்டு வாருங்கள்.