தடித்த எழுத்தும் தமிழ்ப் பதிவும்

காரைக்கால் நகரில் அம்மையார் கோயில் அமைந்துள்ள பாரதியார் வீதியில் மாலை வேளையில் நடந்து போகிறவர், கடைகளின் பெயர்ப் பலகைகளைச் சற்று நின்று பார்த்தாரானால், பலகை எழுதும் ஓவியர்கள் தொழில் அனுபவத்தாலேயே கைக்கொண்ட ஒரு நியமத்தை அங்கே காண்பார். கடையின் பெயர் பெரிதாக இருக்கும். என்ன வியாபாரம் என்பது அதற்கு அடுத்த அளவில் இருக்கும். விலாசமும் தொலைபேசி எண்ணும் அடியில் சிறியனவாக ஒதுங்கியிருக்கும். சைக்கிளில் விரைந்து போகிறவனுக்கும் தெரிய வேண்டியது எது, நின்று படிக்கிறவனுக்கு மட்டும் தெரிந்தால் போதுமானது எது என்ற விவேகம் அந்த அளவு பேதத்தில் அடங்கியிருக்கிறது. அதே ஊரில் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலோ வேளாண்மைக் கல்லூரியிலோ பயின்று, உத்தியோகத்தையும் தொழில் அறிமுகங்களையும் நாடி லிங்க்ட்இன் முதலிய தளங்களில் எழுத முற்படும் இளைஞர்களுடைய கையிலோ அந்தத் தூரிகை இல்லை. 2003ஆம் ஆண்டு தொடங்கிய அத்தளத்தின் சாதாரணப் பதிவுப் பெட்டியில் எழுத்தைத் தடிப்பாக்கவோ சாய்க்கவோ நெடுங்காலம் ஒரு பொத்தானும் இருந்ததில்லை. எல்லாருடைய வாசகமும் ஒரே அளவில், ஒரே கனத்தில்தான் வெளிவரும்.

ஆயினும் சிலருடைய ஆங்கிலப் பதிவுகளில் தலைப்புகள் கறுத்துத் தடித்துக் காணப்படுவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம். கணிப்பொறி எழுத்தை உருவமாக அறியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு என்னும் உலகப் பொது அட்டவணையில் ஓர் எண் உண்டு, அந்த எண்ணையே அது சேமிக்கிறது, அனுப்புகிறது, தேடுகிறது. கணித சாஸ்திரத்திலோ தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும் வெறும் அலங்காரம் அல்ல. ஒரே ரோமானிய எழுத்து தடித்து நின்றால் ஒரு பொருளையும், சாய்ந்து நின்றால் வேறொரு பொருளையும் குறிக்கும். ஆகவே 2001ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோடு 3.1 பதிப்பில், கணித நூல்களின் பொருட்டு, தடித்தவை, சாய்ந்தவை, கையெழுத்துப் போன்றவை எனப் பலவகை ரோமானிய எழுத்துகளும் கிரேக்க எழுத்துகளும் எண்களும் தனித்தனிக் குறியீடுகளாக ஓர் ஒதுக்கிடத்தில் சேர்க்கப்பட்டன. இணையத்தில் உலவும் ‘எழுத்து அலங்கரிப்புக் கருவிகள்’ செய்வது இவ்வளவே: நீங்கள் தட்டும் ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் அகற்றி, அதனிடத்தில் அதே தோற்றமுடைய கணிதக் குறியை வைத்துவிடுகின்றன.

இதனால் விளையும் கேடு சிறிதன்று என்பது என் திடமான அபிப்பிராயம். கண்பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணைகொண்டு கைப்பேசியைக் காதால் படிக்கிறார்கள். அது இத்தகைய தலைப்பை அடையும்போது, சில கருவிகளில் ‘கணிதத் தடித்த பேரெழுத்து’ என்று ஒவ்வொரு குறியையும் தனித்தனியே ஒப்பிக்கும்; சிலவற்றில் ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடும். எதை வாசகர் முதலில் அறிய வேண்டுமென்று எழுதியவர் விரும்பினாரோ, அதுவே அவர்களுக்குக் கிட்டாமல் போகிறது. அக்குறிகளுக்கு உருவம் இல்லாத பழைய கைப்பேசிகளில் வெற்றுக் கட்டங்கள் தோன்றும். உத்தியோகத்துக்கு ஆள் தேடும் ஒருவர் உங்கள் துறையின் பெயரைத் தட்டித் தேடினால், கணிதக் குறிகளால் எழுதப்பட்ட அந்தப் பெயர் அகப்படாமலே போகவும் கூடும்.

தமிழுக்கு வந்தால் இந்த உபாயமே இல்லை. யூனிகோடில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. அங்கே தடித்த ‘அ’ என்றோ சாய்ந்த ‘க’ என்றோ தனிக்குறி கிடையாது. கணிதக்காரர்கள் தமிழ் எழுத்தைச் சூத்திரங்களில் வழங்காததே இதற்குக் காரணம். இதை ஒரு குறையாக நான் கருதவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி இட்டால் தமிழ்ச் சொல்லும் தடித்துவிடுகிறதே என்று கேட்கலாம். அங்கே எழுத்து மாற்றப்படுவதில்லை. ‘இதைத் தடிப்பாகக் காட்டு’ என்ற கட்டளை மாத்திரமே செயலிக்குப் போகிறது. எழுத்தின் எண் பழைய எண்ணாகவே இருப்பதால் தேடலுக்கும் செவிக்கும் அச்சொல் சேதமின்றிக் கிடைக்கிறது. கட்டளையிடுவதற்கும் வேஷம் மாற்றுவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அறிந்தவருக்கு இந்த விஷயத்தில் பெரும்பகுதி விளங்கிவிட்டதென்றே சொல்லலாம்.

அலங்காரமின்றி ஒரு வாசகத்தை எடுப்பாக நிறுத்துவது எப்படி என்ற வினா தமிழுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் இடுவதில்லை. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை எதுகையும் மோனையும் யாப்புமே காட்டின. காரைக்கால் அம்மையார் இயற்றிய அற்புதத் திருவந்தாதியில் ஒரு வெண்பாவின் ஈற்றுச் சொல்லோ அசையோ அடுத்த வெண்பாவுக்கு முதலாகிறது. ஏட்டில் எண்ணிடாமலே வரிசை பிறழாதபடி காக்கும் ஏற்பாடு அது.

பின்னர் வந்த அச்சு, இடத்தையே ஒரு சாதனமாக்கிற்று. காரைக்காலுக்கு வடக்கே சிறிது தூரத்திலுள்ள தரங்கம்பாடியில், சீகன்பால்கு முதலிய பாதிரிமார், ஜெர்மனியின் ஹல்லே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளை 1713இல் பெற்றார்கள். அவை மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கியபடியால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின் தமிழ் அச்சு 1715இல் நிறைவேறிற்று. எழுத்தின் அளவு என்பது தாளின் விலையோடு பிணைந்த விவகாரம் என்பதை இக்கடற்கரை அன்றே கண்டது. அடுத்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் உரைநடைப் பதிப்புகளில் நிறுத்தக்குறிகளை இட்டு வழக்கப்படுத்தியபோது, மூச்சுவிடும் இடங்கள் கண்ணுக்கும் புலனாயின. சாய்ந்த எழுத்தோ 1501இல் வெனிஸ் நகரத்து அச்சகத்தில் ஐரோப்பியக் கையெழுத்தைப் பின்பற்றிப் பிறந்தது. சுழிகளும் வளைவுகளுமாக உருவான தமிழ் எழுத்தைச் சாய்த்தால் அது தளர்ந்து காணப்படுகிறதேயன்றி எடுப்பாகக் காணப்படுவதில்லை.

கைப்பேசித் திரையில் தாளின் விலை வேறு வடிவத்தில் வருகிறது. லிங்க்ட்இன் பதிவுக்கு 3,000 குறிகள் எல்லை; அவற்றிலும் முதல் சில வரிகளே தோன்றி, எஞ்சியவை ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னே மறைந்து நிற்கும். ‘காரைக்கால்’ என்ற சொல் நமக்கு ஐந்தெழுத்து. இயந்திரக் கணக்கிலோ துணைக்காலும் ஐகாரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் பத்துக் குறிகள். தமிழ்ச் சொற்கள் நீண்டவையுமாதலால், நம் பதிவின் வாயிற்படி ஆங்கிலப் பதிவினதைக் காட்டிலும் குறுகியது. அந்தச் சிற்றிடத்தில் ‘பெருமகிழ்ச்சியுடன் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று தொடங்கும் மாணவி, தன் ஆறு மாத உழைப்பைத் திரைக்குப் பின்னே வைத்துவிடுகிறாள். ‘அரசலாற்றின் முகத்துவாரத்திலிருந்து உப்புநீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது என்று ஆறு மாதம் அளந்தோம்’ என்று அவள் தொடங்குவாளானால், கறுப்பு மையும் தடிப்பும் வேண்டாமலே அந்த வரி நிமிர்ந்து நிற்கும். பெயர்ப் பலகையில் பெரிதாக எழுதப்படுவதற்கு ஈடாக இங்கே நமக்குக் கிடைத்திருப்பது முதலிடம்.

அதற்கு அடுத்த சாதனம் வெற்றிடம். ஒரு கருத்து முடிந்ததும் ஒரு வரி விட்டு அடுத்ததைத் தொடங்கினால் கண் இளைப்பாறும். வாக்கியத்துக்கு வாக்கியம் வரி விட்டு எழுதும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எல்லா இடத்திலும் இடைவெளி இருந்தால் எதுவும் பிரிந்து தோன்றாதாகையால் அதை நான் ஆதரிக்கமாட்டேன். வரிசையாகச் சொல்ல வேண்டியவற்றுக்கு 1, 2, 3 என்ற எண்களே போதுமானவை. ராக்கெட்டும் தீப்பிழம்புமாகப் படக்குறிகளை அடுக்கினால், திரைவாசிப்பான் அவை ஒவ்வொன்றின் பெயரையும் உரக்கச் சொல்லிக்கொண்டே போகும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்றும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்றும் திரைவாசிப்பான் முன்பே அமைந்திருக்கிறது. அடுத்த பதிவை வெளியிடுமுன் அதை இயக்கி, நீங்கள் எழுதியதை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எந்த இடத்தில் பொருள் அறுபடுகிறதோ அந்த இடத்தைத் திருத்திய பிறகே வெளியிடுங்கள்.