எந்த வண்டிக்கு எந்த ஃபில்டர்?

ஸ்ப்ளெண்டருக்கு ஆயில் ஃபில்டர் வேண்டும் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டுப் பாருங்கள். "ஏர் ஃபில்டரா தம்பி?" என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்ப்ளெண்டர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் அந்த வண்டியில், ஆயில் மாற்றும்போது கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுகிற காகித ஃபில்டர் கிடையாது.

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-இன் வழியில் வரும் 97.2 சிசி இன்ஜின் அது. ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். கிளட்ச் மூடிக்குள், கிராங்க் ஷாஃப்டின் முனையில், மூடியிட்ட வட்டக் கிண்ணம் ஒன்று இருக்கும். கிராங்கோடு சேர்ந்து அதுவும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும். உள்ளே வரும் ஆயிலில் கலந்திருக்கும் உலோகத் துகள்கள் ஆயிலைவிடக் கனமானவை என்பதால், அந்தச் சுழற்சியில் கிண்ணத்தின் ஓரச் சுவருக்கு ஒதுங்கி அங்கேயே களிம்பாகப் படிந்துவிடும். தெளிந்த ஆயில் நடுவழியே கிராங்குக்குள் போகும். பல ஆண்டு ஓடிய வண்டியைக் கிளட்ச் வேலைக்குத் திறக்கும்போது மெக்கானிக் அந்தக் கருப்புக் களிம்பை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுப்பதைப் பார்க்கலாம். எளிமையான, செலவில்லாத ஏற்பாடு. ஆக்டிவாவில் இன்னும் எளிமை: வலை மட்டும்தான்.

ஆகவே ஃபில்டர் வாங்கக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், நம் வண்டியில் அது இருக்கிறதா என்பது. பல்சர், யமஹா எஃப்இசட், கேடிஎம் டியூக், புல்லட் போன்றவற்றில் இருக்கிறது.

காரைவிட பைக்கில் இந்தச் சின்னப் பொருளுக்கு வேலை அதிகம். காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர் பெட்டிக்கு வேறு ஆயில். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கிளட்ச் பிளேட் தேய்ந்து உதிரும் தூள், கியர் பற்கள் உரசி விழும் இரும்புத் துகள், எரியறையிலிருந்து கசிந்து வரும் கரி எல்லாம் அதே ஆயிலில் சேரும். கிளட்ச் வழுக்கக் கூடாது என்பதற்காகவே பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்று தனித் தரக்குறி போட்டிருக்கும். அந்த ஆயிலின் அளவும் குறைவு. சிறிய பைக்குகளில் மொத்தமே ஒரு லிட்டர் அளவில்தான். குறைந்த ஆயிலில் நிறைய அழுக்கு என்றால் வடிகட்ட வேண்டியதும் அதிகம்.

காகித ஃபில்டரில் இரண்டு ஜாதி. ஒன்று, இன்ஜினிலேயே இருக்கும் ஓர் அறைக்குள் செருகும் வெறும் உருளை. மேலே ஒரு மூடி, இரண்டு மூன்று போல்ட். நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, தகர டப்பாவுக்குள் காகிதம் அடைபட்டு, அடியில் மரையோடு வருவது. டப்பாவையே திருகி மாட்ட வேண்டும். ராயல் என்ஃபீல்டின் 650 இரட்டை சிலிண்டர் வண்டிகளில் இந்த வகை. இரண்டிலும் உள்ளே இருப்பது சேலைக் கொசுவம் போல மடித்து மடித்து வட்டமாக வளைத்த, பிசின் ஊட்டிய காகிதம். மடிப்பு கூடக் கூட அழுக்கு தங்கும் பரப்பு கூடும். ஆயில் வெளிப்பக்கத்திலிருந்து நுழைந்து நடுத்துளை வழியே வெளியேறும். அழுக்கு மடிப்புகளின் வெளிமுகத்தில் தங்கும்.

இப்போது கடைக்கு வருவோம். சென்னை ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் நடக்கும் பேச்சு இது.

"அண்ணே, புல்லட்டுக்கு ஆயில் ஃபில்டர் ஒண்ணு."

"எந்த வருஷ வண்டி தம்பி?"

டேங்கில் 'புல்லட் 350' என்று எழுதியிருப்பதை வைத்து அவரால் எதையும் எடுத்துக் கொடுக்க முடியாது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இருந்தது கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் வடிகட்டி. பெட்ரோலில் அலசி மறுபடி போட்டவர்கள் உண்டு. பிறகு வந்தது யூசிஇ எனப்படும் ஒருங்கிணைந்த இன்ஜின். 2020-இல் மீட்டியாரோடு ஜே வரிசை இன்ஜின் அறிமுகமாகி, 2021-இல் கிளாசிக்குக்கும் 2023-இல் புல்லட்டுக்கும் போனது. பெயர் ஒன்று, இன்ஜின் மூன்று. பல்சர் கதையும் இப்படித்தான். 150-இன் இன்ஜினும் என்எஸ் 200-இன் இன்ஜினும் ஒரு குடும்பமே அல்ல. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. பெரிய பைக்குகளுக்கான ஹைஃப்ளோ நிறுவனத்தின் எச்எஃப் 204 என்ற ஒரே ஃபில்டர் ஹோண்டா, கவாசாகி, யமஹா, ட்ரையம்ஃப் ஆகிய நான்கின் பல வண்டிகளுக்கும் சேரும். ஆக, வண்டியின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஃபில்டரைத் தீர்மானிப்பதில்லை, இன்ஜின்தான் தீர்மானிக்கிறது. வண்டிப் புத்தகத்தில் அல்லது உதிரிபாகப் பட்டியலில் உள்ள பாக எண்ணைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போவது பத்துக் கேள்விகளை மிச்சமாக்கும். பழைய ஃபில்டரைக் கையில் கொண்டுபோய் 'இதே மாதிரி' என்று கேட்பது அவ்வளவு நல்ல வழி அல்ல. போன முறை போட்டவர் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பையே மறுபடி வாங்கி வருவோம்.

கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஃபில்டர்களுக்கு நடுவே என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது? செருகு வகையில் உயரத்தைப் பாருங்கள். ஃபில்டரை இன்ஜின் பக்கம் அழுத்திப் பிடிப்பது மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங், அல்லது இரு முனைகளிலும் உள்ள ரப்பர் வளையம். ஃபில்டர் ஓரிரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் அந்தப் பிடி தளரும். மூடி சரியாக மூடும், ஒரு சொட்டும் ஒழுகாது, வண்டியும் ஓடும். ஆனால் ஆயில் காகிதத்தைத் துளைத்துப் போகிற கஷ்டத்தை விட்டுவிட்டு, தளர்ந்த முனையின் ஓரமாக நழுவி நேரே உள்ளே போய்விடும். அடுத்த முறை கழற்றும்போது ஃபில்டர் புதுசு போல இருக்கும். 'ஆயில் சுத்தமா இருக்கு சார்' என்று யாராவது சொன்னால் மகிழ வேண்டாம். நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் சுத்தமான ஃபில்டர் சந்தேகத்துக்குரியது.

திசையும் முக்கியம். சில ஃபில்டர்களின் ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனை தகடு வைத்து அடைத்திருக்கும். சுஸுகியின் சில ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் திறந்த முனை இன்ஜின் பக்கம் போக வேண்டும். திருப்பிச் செருகினாலும் அறைக்குள் உட்கார்ந்துவிடும். ஆயில் போகும் வழி மட்டும் அடைபட்டுவிடும். ஆயில் எட்டாத பேரிங்கும் கேம் ஷாஃப்டும் வறண்டு உரசி, கொஞ்ச நேரத்திலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளலாம். அதனால் பழையதைக் கழற்றும்போதே எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது, வாஷர் எங்கே, ஸ்பிரிங் எங்கே என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

டப்பா வகையில் ஆபத்து மரையில் இருக்கிறது. ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் எம்20 × 1.5 என்ற மெட்ரிக் மரை: இருபது மில்லிமீட்டர் விட்டம், ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. ஹார்லி டேவிட்சனில் முக்கால் அங்குல மரை, அங்குலத்துக்குப் பதினாறு புரி. அதாவது 19.05 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ 1.59 மில்லிமீட்டர் இடைவெளி. கையில் வைத்துப் பார்த்தால் எந்த மனிதக் கண்ணும் இதைப் பிரித்தறியாது. அங்குல ஃபில்டரை மெட்ரிக் முனையில் மாட்டப் பார்த்தால் நல்ல வேளையாக ஏறவே ஏறாது. மெட்ரிக் ஃபில்டரை அங்குல முனையில் மாட்டினால்தான் விபரீதம். ஏறும், சுற்றும், இறுகியது போலவும் தோன்றும். உண்மையில் புரிகளின் நுனி மட்டுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அழுத்தம் நாலைந்து பார் வரை எகிறும் வண்டிகள் உண்டு. அந்த அழுத்தத்தில் கேஸ்கட் விலகலாம், டப்பாவே கழன்றும் போகலாம். காரில் இது நடந்தால் இன்ஜினுக்குச் சேதம். பைக்கில் அந்த ஆயில் போய் விழும் இடம் பின்சக்கரம்.

மரையும் கேஸ்கட்டும் பொருந்தினால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. டப்பாவுக்குள் இரண்டு வால்வுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மாற்றுவழி வால்வு. விடியற்காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதும் காகிதம் அடைத்துக்கொண்டபோதும், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால், இது திறந்து வடிகட்டாத ஆயிலை உள்ளே விடும். அழுக்கு ஆயிலாவது கிடைக்கட்டும், வறட்சி கூடாது என்பதே கணக்கு. எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சில இன்ஜின்களில் இந்த வால்வு இன்ஜினுக்குள்ளேயே இருப்பதால் ஃபில்டரில் இருக்காது. மரை சரியாக இருக்கிறதே என்று அப்படிப்பட்ட ஃபில்டரை வேறு வண்டியில் போட்டால், அடைத்துக்கொள்ளும் நாளில் ஆயிலுக்கு வழியே இருக்காது. இன்னொன்று, வண்டி நிற்கும்போது ஃபில்டரில் உள்ள ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் பிடிக்கும் ரப்பர் வளையம். படுக்கை வாட்டில் மாட்டும் ஃபில்டருக்கு இது மிகவும் தேவை. கார் ஃபில்டர் மலிவு, மரையும் சேருகிறது என்று பைக்கில் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

'மிக நுண்ணிய வடிகட்டல்' என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டியதில்லை. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பேரிங்கில் ஆயில் படலம் சில மைக்ரான்தான். ஆகவே நுண்மை வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அட்டையில் '20 மைக்ரான்' என்று மட்டும் போட்டிருந்தால் அது பாதித் தகவல். அந்த அளவுத் துகளில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் அர்த்தம். காகிதத்தை அளவுக்கு மீறி நெருக்கினால் ஆயில் ஓட்டம் குறையும், சீக்கிரம் அடைக்கும், மாற்றுவழி வால்வு அடிக்கடி திறக்கும். வடிகட்டாத ஆயிலே கடைசியில் ஓடும்.

ஒரிஜினல்தான் போட வேண்டுமா? கம்பெனி ஃபில்டர் போடுவது நிம்மதி. நல்ல பெயருள்ள ஃபில்டர் தயாரிப்பாளர்களின் பட்டியலில் நம் இன்ஜினுக்கு நேராகக் குறிப்பிட்டிருந்தால் அதையும் தாராளமாகப் போடலாம் என்பது என் கருத்து. போடக் கூடாதது டூப்ளிகேட். ஹோலோகிராம், அச்சின் தெளிவு, விலைச்சீட்டு எல்லாம் பார்க்கலாம். அதைவிட, ஃபில்டரைக் கையில் எடுத்து மடிப்புகள் சீராக இருக்கின்றனவா, முனைத் தகட்டில் பசை இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா, ரப்பர் மிருதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். மலிவுச் சரக்கில் மடிப்பு ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகிக் கிடக்கும்.

மாட்டும்போது பழைய ஓ-ரிங், பழைய கேஸ்கட் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கட் இருந்தால் நிச்சயம் ஒழுகும். புதிய கேஸ்கட்டில் ஒரு சொட்டு ஆயில் தடவி, டப்பாவைக் கையாலேயே திருகி, கேஸ்கட் தொட்ட பிறகு அட்டையில் சொன்ன அளவு, வழக்கமாக முக்கால் சுற்று, இறுக்கினால் போதும். பிறகு வண்டியை ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓட விட்டு, நிறுத்தி, சற்றுப் பொறுத்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். புதிய ஃபில்டர் கொஞ்சம் ஆயிலைக் குடித்திருக்கும், மட்டம் இறங்கியிருக்கும்.

கழற்றிய ஃபில்டரை உடனே குப்பையில் போடாதீர்கள். மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்தால் இன்ஜினின் உள்நிலவரம் தெரியும். கருப்பு மெழுகு போன்ற தூள் கிளட்ச் உதிர்த்தது, அது இயல்பு. புது வண்டியின் முதல் சர்வீஸில் மெல்லிய மினுமினுப்பும் இயல்பே. பழகிய வண்டியில் நகத்தால் எடுக்கக்கூடிய தகடு போன்ற துணுக்குகள் தெரிந்தால் ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு: கியர் அல்லது கேம். ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம்: பிஸ்டனோ ஹெட்டோ தேய்கிறது. பித்தளை நிறமாக இருந்தால் புஷ் தேய்கிறது. அப்படி எது தெரிந்தாலும் புது ஃபில்டரை மாட்டி ஓட்டிப் போவதற்கு முன், அந்தப் பழைய ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மெக்கானிக்கிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.